புளியந்தொட்டியில் தமத்திரித்துவத் திருநாள்

சனிக்கிழமை, காலை ஆறு மணி

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் மாம்பழ வாசனை மூக்கைத் துளைத்தது. வைகாசிக் கடைசி என்றால் எங்கள் ஊரில் அப்படித்தான். பஸ்ஸின் கூரைமேல் கூடை, உள்ளே கூடை, ஏறுகிற படியிலும் ஒரு கூடை. ஒரு ரூபாய் இரண்டணா கொடுத்து ஓசூருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் மடியிலும் ஒரு கூடை. அதன் மேல் மடித்து வைத்த வெள்ளைத் துணி. "பழத்துச் சாறு துணியில படாம பாத்துக்குங்க" என்று என் மனைவி வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஐம்பத்துநாலாம் வருஷத்துப் பயணம் இது. ஓசூர் முப்பது மைலுக்குச் சற்று மேல். இப்போது அதே சாலையில் என் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கி, ஆலையில் சங்கு ஊதுவதற்குள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். அன்றைக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரத்தை யாராவது திருப்பித் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

நான் பழையபேட்டையில் சிறு மளிகைக்கடை வைத்திருந்தவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. என் தங்கை ஆரோக்கியத்தை ஓசூருக்கு அப்பால் புளியந்தொட்டி என்கிற சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று ஏற்பாடு. குழந்தைக்குப் பொறுப்பேற்று ஞானத் தகப்பனாக நிற்க வேண்டியவன் நான். அந்த ஞாயிறு தமத்திரித்துவத் திருநாளாகவும் அமைந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாய் இருக்கிற ஒரே கடவுளைக் கொண்டாடும் நாள். பரிசுத்த ஆவியை அந்தக் காலத்தில் நாங்கள் இஸ்பிரீத்து சாந்து என்போம். கடவுளைச் சர்வேசுரன் என்போம். அந்தச் சொற்கள் இப்போது கோவிலில் கேட்பதில்லை. ஆனாலும் தனியாக முழங்கால் போட்டால் என் வாயில் அவைதான் வருகின்றன.

வண்டி புறப்படும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாட்டு வியாபாரி. பெரிய மீசை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இப்போ கையால என்னமோ செஞ்சீங்களே, அது என்னாங்க?"

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து பேரைச் சொல்லி சிலுவை போட்டேனுங்க."

"அப்போ மூணு சாமிங்களா உங்களுக்கு?"

"இல்லீங்க. ஒரே சாமி. ஆளு மூணு."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "ஆளு மூணு, சாமி ஒண்ணு. சரி, ஒத்துக்கறேன். நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளுன்னு நாலு எடத்துல எதுக்குத் தொட்டீங்க?"

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். "எங்கம்மா அப்படித்தான் தொடச் சொன்னாங்க" என்றேன்.

"அம்மா சொன்னதுன்னா சரிதான்" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

குருபரப்பள்ளி தாண்டினோம். இரண்டு பக்கமும் புளியமரங்கள். அவற்றுக்குப் பின்னால், யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்து போனது போலப் பாறைக் குன்றுகள். சூளகிரியில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. கண்டக்டர் ஏறுகிறவர்களைத் தெலுங்கில் கூப்பிட்டார், இறங்குகிறவர்களைக் கன்னடத்தில் விரட்டினார், சில்லறை இல்லை என்பதைத் தமிழில் சொன்னார். அதற்கப்புறம் காற்று குளிர்ந்தது. மேட்டில் ஏறுகிறோம் என்பதை உடம்பு சொன்னது.

காலை ஒன்பது மணி, ஓசூர்

என் தங்கை கணவர் சின்னப்பன் கூண்டு வண்டியோடு காத்திருந்தார். வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளில் கடைசி அவர். நல்ல உழைப்பாளி, சிரித்த முகம். அன்று சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஓட்டலில் ஆளுக்கு இரண்டு இட்லியும் காப்பியும் சாப்பிட்டோம். ஊருக்கு அங்கிருந்து எட்டு மைல் மண்பாதை. மத்திகிரிப் பக்கமாகத் திரும்பி, மாடுகள் நடை பிடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நேத்துக் காலையில கொழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு மச்சான்."

எனக்குக் கூடை மடியில் கனத்தது. "இப்போ எப்படி இருக்குது மாப்பிளே?"

"நின்னுடுச்சு. காய்ச்சல் இன்னும் வுடலே, பால் சரியாக் குடிக்க மாட்டேங்குது. நேத்து கண்ணு மேல சொருகி, ஒதடு நீலமாயிடுச்சு. அவ்ளோதான்னு நெனச்சோம். ஆனா நாங்க அப்படியே வுட்டுடலே." அவர் குரலில் ஒரு பெருமை வந்தது. "அவசர ஞானஸ்நானம் குடுத்துட்டோம்."

"நல்லது செஞ்சீங்க. யாரு குடுத்தது?"

"மூணு பேருந்தான்."

"மூணு பேரா?"

"ஆமா மச்சான். பெரியண்ணன் தண்ணிய ஊத்தி 'பிதா'ன்னுச்சு. நடுவண்ணன் ஊத்தி 'சுதன்'னுச்சு. நான் ஊத்தி 'இஸ்பிரீத்து சாந்து'ன்னேன். கடைசில மூணு பேரும் சேந்து ஆமென் சொன்னோம். பெரியண்ணன்தான் அப்படிப் பிரிச்சுக் குடுத்துச்சு."

நான் மாடுகளின் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாகக் கிடக்கிற குழந்தைக்கு, சாமியார் என்று நாங்கள் சொல்லும் குருவானவர் வர நேரமில்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சிறு வயதில் எங்கள் கோவிலில் வேதம் கற்பித்த உபதேசியார் அதை எங்களுக்குத் தேங்காய் வைத்துப் பழக்கியிருந்தார். தேங்காய்தான் குழந்தையின் தலை. அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்ல வேண்டும். ஊற்றுகிற அதே ஆள் சொல்ல வேண்டும், சொல்கிற அதே ஆள் ஊற்ற வேண்டும், மூன்று திருநாமங்களையும் அவனே சொல்ல வேண்டும். நடுவில் எங்களில் ஒருவன் ஊற்ற, இன்னொருவன் சொன்னால் உபதேசியார் காதைப் பிடித்து, "உன் தேங்காய் இன்னும் ஞானஸ்நானம் பெறாத அஞ்ஞானித் தேங்காய்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். வண்டியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்ல வராது. என் ஞாபகம் தவறாக இருக்கலாம் என்றும் தேற்றிக்கொண்டேன்.

பாதை அழகாக இருந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த செம்மண். கேழ்வரகுக்காக உழுது போட்ட நிலங்கள். ஏரிக்கரையில் தலையில் புல்லுக்கட்டோடு போன பெண்கள் சின்னப்பனைக் கன்னடத்தில் ஏதோ கேலி செய்தார்கள், அவரும் விடாமல் திருப்பிச் சொன்னார். அவர்கள் வீட்டில் சந்தைக்குக் கன்னடம், சண்டைக்குத் தெலுங்கு, செபத்துக்குத் தமிழ். எந்தப் பாஷையில் கனவு காண்பார்களோ தெரியாது.

பகல் பன்னிரண்டு மணி, புளியந்தொட்டி

ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று பேரின் வீடுகளும் இருந்தன. நிலம் பாகம் பிரியாதது. மூத்தவர் ராயப்பன், நடுவிலவர் சவரிமுத்து, இளையவர் சின்னப்பன். எந்த வேலையையும் ஒருவராகச் செய்து அவர்களுக்குப் பழக்கமில்லை. விதைப்பு என்றால் ஒருவர் மாட்டை ஓட்டுவார், ஒருவர் விதை விடுவார், ஒருவர் பின்னாலேயே மண்ணை மூடிக்கொண்டு வருவார். ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் மூவரும் போவார்கள். ஊரில் இவர்களை 'முக்காலி' என்று கூப்பிடுவார்கள். ஒரு கால் இல்லாவிட்டால் நிற்காதாம்.

குழந்தையைப் பார்த்தேன். என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. ஆரோக்கியம் எனக்குத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணா, அது செல்லுமா?"

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும். என் கூடத்தானே நீயும் தேங்காய்க்குத் தண்ணி ஊத்துனே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"எனக்கு அப்பவே மனசு ஒப்பல. ஆனா பெரிய மாமாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அவரு கை நடுங்கிக்கினே ஊத்துனாரு. அவரு கொழந்தைக்கு ஆனது உனக்குத் தெரியுமில்லே."

தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ராயப்பனுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் இதே போல இழுப்பு. ராயப்பன் பக்கத்து ஊர் உபதேசியாரைக் கூட்டிவர ஓடினார். மழை. இரண்டு பேருமாக வந்து சேர்ந்தபோது குழந்தை போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் புதைத்தார்கள். சாமியார் வரவில்லை, மணி அடிக்கவில்லை. அப்புறம் ராயப்பனுக்கும் அவர் மனைவி தெரசம்மாளுக்கும் குழந்தை இல்லை.

"சாமியார் நாளைக் காலையிலதான் வருவாரு" என்றாள் ஆரோக்கியம். "அதுவரைக்கும் இவ தாங்கலேன்னா, இவளையும் அந்தப் புங்கமரத்துக்கிட்டவா கொண்டு போவாங்க?"

இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாமல் இருக்கலாம். அன்று எங்களுக்கு உயிரை விட அது பெரிது. உயிர் போவது எல்லார் வீட்டிலும் நடந்தது. ஆனால் பெயர் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைக்காமல் ஒரு பிள்ளையை அனுப்புவது இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொண்டு ராயப்பன் எப்படி நடமாடுகிறார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பிற்பகல் மூன்று மணி

கிணற்றடிப் பூவரச மர நிழலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து எப்போதும் வாய்த்துடுக்கு.

"என்னா மச்சான், அம்மாம் பெரிய மாம்பழக் கூடையக் கொண்டாந்துட்டு மூஞ்சைப் புளியாட்டம் வெச்சிருக்கீங்க? வழியில ஒண்ணத் தின்னு பாத்தீங்களா?"

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீங்கள் செய்தது அன்பாகச் செய்ததுதான், ஆனால் ஒரே ஆள் ஊற்றி ஒரே ஆள் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குப் பாடம் சொன்னார்கள், அதனால் அது ஞானஸ்நானம் ஆகியிருக்காது என்று பயப்படுகிறேன் என்றேன்.

சவரிமுத்துவுக்கு முகம் சிவந்தது. "அதெப்படி ஆவாது? மேல மூணு பேரு, கீழ மூணு பேரு. ஆளுக்கு ஒருத்தரா கூப்பிட்டோம். இதுல என்னா தப்பு? கிஷ்ணகிரில இருந்தா எல்லாம் தெரிஞ்சுடுமா?"

"நடுவண்ணே, சும்மா இரு" என்றார் சின்னப்பன். ஆனால் அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராயப்பன் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார். "மச்சான், ஒருத்தன் மாட்ட ஓட்டறான், ஒருத்தன் விதைய வுடறான், ஒருத்தன் மண்ண மூடறான். வெள்ளாமை ஒண்ணுதானே? அது மாதிரிதானே இதுவும்?"

நல்ல கேள்வி. நான் ஒன்றும் பெரிய ஞானி இல்லை. தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

"நீங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்க பெரிய மச்சான். ஆனா ஒருத்தர் சந்தைக்குப் போயிட்டா வூட்ல ரெண்டு பேருதான். விதைப்பும் நின்னுடும். சர்வேசுரன்கிட்ட அப்படிக் கெடையாது. பிதா ஒரு பங்கு, சுதன் ஒரு பங்கு, இஸ்பிரீத்து சாந்து ஒரு பங்குன்னு இல்ல. ஒருத்தர் இருக்கிற எடத்துல மூணு பேரும் முழுசா இருக்காங்க. பாகம் பிரிக்க முடியாத சொத்து அது. அதனாலதான் ஒரே வாயி மூணு பேரையும் சேத்துச் சொல்லணும்னு வெச்சாங்களோ என்னவோ. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ராயப்பன் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இந்த நாயமெல்லாம் தெரியாது மச்சான். ஒருத்தனா ஊத்த எனக்குப் பயம். என் கை பட்டது நிக்கல. அதான் தம்பிங்க கையையும் சேத்துக்கினேன்."

சவரிமுத்து எழுந்து போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாய்த்துடுக்குக்காரர் அப்புறம் அன்று முழுதும் செபத்துக்குத் தவிர வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஆரோக்கியம் கத்தினாள்.

ஓடினோம். குழந்தை வில்லாய் வளைந்திருந்தது. சின்ன விரல்கள் இறுகி, உதடு கருத்து, வாயோரம் நுரை. தெரசம்மாள் எங்கிருந்தோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஞானத் தகப்பன் நான்தானே, நான்தான் செய்வேன் என்று நினைத்தாள் போலும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொம்பை வாங்கி, குழந்தையின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். நிமிர்ந்தபோது நிலைப்படியில் ராயப்பன் தெரிந்தார். உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் சொம்பைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பெரிய மச்சான், நீங்க வந்து ஊத்துங்க."

"என் கையா? வேணாம். சொன்னா கேளுங்க. நீங்களே ஊத்துங்க, நேரமாவுது."

"உங்க கைதான். ஒரு கை போதும். கூப்பிடறவன் ஒருத்தன், வர்றது மூணு பேரும்."

அவர் அசையவில்லை. தெரசம்மாள் நான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது புருஷனைப் பார்த்து, "ஊத்துங்க" என்றாள். அவ்வளவுதான்.

ராயப்பன் வந்தார். சொம்பை வாங்கினார். தண்ணீர் விளிம்பில் தளும்பிச் சிந்தியது. முன்னால் நடந்தது ஒருவேளை செல்லும் என்றால் இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது, அதனால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் காதில் சொன்னேன். அவர் அதைச் சொல்லிவிட்டு மேலே தானாகவே போனார்.

"சகாயமேரி, நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால், நான் உனக்குப் பிதாவுடையவும்," முதல் தண்ணீர். "சுதனுடையவும்," குரல் உடைந்தது. சின்னப்பன் தன்னையறியாமல் உதவிக்கு வாயைத் திறந்தார், ஆரோக்கியம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். ராயப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாம் தண்ணீரை ஊற்றினார், மூன்றாவதையும் ஊற்றிக்கொண்டே சொன்னார். "இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம். கிணற்றடியிலிருந்து சவரிமுத்துவின் குரலும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு தளர்ந்தது. தண்ணீரால் நின்றதா, அதன் நேரம் முடிந்து நின்றதா என்று எனக்குத் தெரியாது. புதுமை, அற்புதம் என்று எழுதி வாசகரை மயக்க மாட்டேன். குழந்தை அழுதது. அன்றைக்கு அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்ட அழுகை அது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

விளக்கு வைத்த நேரத்தில் முற்றத்தில் பாய் விரித்து செபம் சொன்னோம். ஆரோக்கியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்செபம் சொன்னாள். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழில் மற்றவர்கள் பதில் சொன்னார்கள். தொழுவத்தில் மாடுகள் அசை போட்டன. தூரத்தில் எங்கோ கன்னடத்தில் யாரோ தாலாட்டினார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ பெரிய கோவில்களில் பாட்டும் வாத்தியமுமாகச் செபம் கேட்டிருக்கிறேன். அந்த முற்றத்தில் கேட்டது போல எங்கும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி

சாமியார் சைக்கிளில் வந்தார். வயதானவர். அங்கியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, சேறு தெறித்த காலோடு இறங்கினார். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோவில் அது. பூசைக்கு முன்னால் நடந்ததை அவரிடம் சொன்னேன். ராயப்பனைக் கூப்பிட்டார்.

"யாரு ஊத்தினது?"

"வெள்ளிக்கிழமை மூணு பேருங்க சாமி. நேத்து நான் ஒருத்தன்."

"என்ன சொல்லி ஊத்தினே? எனக்குச் சொல்லு பாக்கலாம்."

ராயப்பன் கைகட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். சாமியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஊத்தினது செல்லாது. நேத்து ஊத்தினது செல்லும். எனக்கு இனிமே உப்பும் எண்ணெயுந்தான் மிச்சம்" என்றார். சவரிமுத்துவுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது. "அப்போ வெள்ளிக்கிழமை என் தண்ணி வீணா சாமி?" என்று கேட்டார். "வீணில்லடா. காய்ச்சல்ல கெடந்த கொழந்தைக்குத் தலை குளுந்திருக்கும் இல்லே?" என்று சாமியார் அவர் முதுகில் தட்டினார்.

பூசையில் அவர் செய்த பிரசங்கம் நீளமானது இல்லை. பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நிற்கிறது. சர்வேசுரன் ஒருவர், ஆனாலும் அவர் ஒருநாளும் தனி ஆளாக இருந்ததில்லை என்றார். உலகம் உண்டாகும் முன்னாலேயே அவருக்குள் அன்பு கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அந்த அன்பும் இருந்தார்களாம். அதனால் அவரை நம்புகிற யாரும் தனி ஆள் இல்லையாம். ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ராயப்பன் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

மிச்சச் சடங்குகள் நடந்தன. நாவில் உப்பு வைத்தபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. என் மனைவி மடித்துக் கொடுத்த வெள்ளைத் துணியைச் சாமியார் அதன்மேல் போர்த்தினார். ஒரு மூலையில் மாம்பழச் சாறு லேசாக மஞ்சள் காட்டியது. ஞானத் தகப்பனாக எரிகிற மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சகாயம் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஓசூரிலேயே குடியிருக்கிறாள், வீட்டுக்காரர் ஆலையில் பிட்டர். மூன்று பிள்ளைகள். இழுப்பு ஒரு வருஷத்துக்குள் நின்றுபோயிற்று.

பிற்பகல் ஒரு மணி, திரும்பும் வழி

என்னை ஓசூரில் விட ராயப்பனே வண்டி கட்டினார். தம்பிகள் இருவரும் கூடவருகிறோம் என்றார்கள். "நான் ஒருத்தன் போதும்" என்று சொல்லிவிட்டார். சவரிமுத்து என் பக்கம் குனிந்து, "ஒரே நாள்ல முக்காலிய ஒடச்சுட்டீங்களே மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஏரிக்கரை தாண்டும் வரையில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தோம். திடீரென்று அவர் மாடுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"மச்சான், அப்போ என் பையனுக்கும் நான் ஒருத்தனே ஊத்தியிருக்கலாம் இல்லே?"

நேற்று முழுக்க நான் குழந்தையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை போதும் என்று இவருக்குச் சொன்னேனே, அந்தச் சொல் இவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைக்கவே இல்லை.

"பானையில தண்ணி இருந்துச்சு" என்றார். "அவ மடியில கெடந்தான். நான் பக்கத்துலயே நின்னேன். என்னால ஆவாதுன்னு உபதேசியாரைத் தேடிக்கினு ஓடுனேன். நாலு மைலு. மழையில ரெண்டு தடவை வுழுந்தேன். ஓடாம நின்னிருந்தா அவனும் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளாரப் படுத்திருப்பான் இல்லே?"

சரியான பதில் எனக்குத் தெரியும். ஆபத்தில் யாரும் ஊற்றலாம், ஊற்றாத குழந்தை மோட்சம் சேராது என்று ஞான உபதேசத்தில் படித்தது மனப்பாடம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேறும் மழையுமாக அவர் ஓடியது என் கண் முன்னால் வந்தது.

"பெரிய மச்சான், நான் சொல்றது புத்தகத்துல இருக்குதான்னு தெரியாது" என்றேன். "பையனைச் சர்வேசுரன்கிட்ட ஒப்படைக்கணும்னுதானே ஓடுனீங்க? மேல இருக்கிறவரும் ஒரு தகப்பன். அவருக்கும் ஒரு மகன் செத்தாரு. புள்ளைக்காக ஒரு தகப்பன் மழையில ஓடறதைப் பாத்துட்டு, நீ சரியாச் சொல்லலேன்னு அவர் கதவைச் சாத்துவாருன்னு என்னால நம்ப முடியலே. நீங்க விழுந்து எழுந்து ஓடுனதையே அவர் செபமா எடுத்திருப்பாரு."

ராயப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாடுகள் வழி தெரிந்தவை, தாமாகவே நடந்தன. வெகுதூரம் அப்படியே போனோம். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்திகிரி தெரியத் தொடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குப் பேரு யோசிச்சு வெச்சிருந்தோம். யார்கிட்டயும் சொன்னதில்ல. வெக்காத பேரை எப்படிச் சொல்றது?"

"என்ன பேரு?"

"அருளப்பன்."

ஓசூரில் பஸ் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன, கனமான கை. வண்டி நகர்கிற வரையில் விடவில்லை. அதற்கப்புறம் அவரைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுத்ததில்லை.

மாலை ஏழு மணி, கிருஷ்ணகிரி

ஓசூர்க் குளிரிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் ஊர் அடுப்புக்குள் நுழைவது போலிருக்கும். மலைக்கோட்டைப் பாறை பகல் முழுதும் குடித்த வெயிலைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பிள்ளைகள் பாய் விரித்து, மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, எனக்காகக் காத்திருந்தார்கள். புளியந்தொட்டி முற்றத்தில் வானமே கூரை. எங்களுக்கு ஒரு சின்ன அறை, அதில் பாதி இடம் அரிசி மூட்டை. ஆனால் செபம் அதேதான், பெயர்களும் அவையேதான்.

சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினேன். செபமாலை முடிந்ததும் எங்கள் குடும்ப வழக்கப்படி பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். எங்கள் பிள்ளைகள், என் தம்பி பிள்ளைகள், புதிதாகச் சகாயமேரி. பிறகு, "அருளப்பன்" என்றேன்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். "அருளப்பனா? யாருங்க அது?"

"ராயப்பன் பையன்."

அவளுக்கு அந்தக் குழந்தையின் கதை தெரியும். என்னை ஒரு கணம் பார்த்தாள். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி உரக்க, "அருளப்பன்" என்று சொன்னாள்.